ஏசப்பா என்னும் மழலைச்சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அம்பத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கிறித்தவ இல்லங்களில் குழந்தை வளர்ப்பும் தமிழும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. தலைப்பைக் கேட்டதும், தேம்பாவணி தொடங்கி இன்றுவரை கிறித்தவப் புலவர்கள் குழந்தையைப் பாடிய இடங்களையெல்லாம் திரட்டி ஒரு பட்டியல் வாசித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆய்வேடு எழுதிய கைக்குப் பட்டியல் எளிது. குழலையும் யாழையும் மழலையோடு ஒப்பிட்ட குறளை எடுத்துக்காட்டித் தொடங்கலாம் என்றும் நினைத்தேன். அந்தக் குறளைத் தாங்கள் மேடைதோறும் கேட்டிருப்பீர்கள், அதனை விட்டுவிடுகிறேன். பட்டியலையும் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அது நிகண்டுகளில் இல்லாத சொல். 'ஏசப்பா' என்பது அச்சொல்.

வில்லிவாக்கத்தில் தொடங்கி, கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று நீளும் இந்த இருப்புப்பாதையின் இருமருங்கிலும் வாழ்கின்ற கிறித்தவக் குடும்பங்களில் பெரும்பகுதி, வேலை தேடி வந்த குடும்பங்கள். 1955இல் பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒண்டுக் குடித்தனங்களில் தங்கி, பின்னர் மனை வாங்கி, ஏரிக்கரை ஓரம் வீடு கட்டினார்கள். வரும்போது பெட்டியில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருந்தன. ஒன்று வேதாகமம், மற்றொன்று பாட்டுப் புத்தகம். மூன்றாவதாக ஒன்றும் வந்தது. அது பெட்டியில் வரவில்லை. பேரப்பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பின்னால் வந்து சேர்ந்த பாட்டிமார்களின் வாயில் வந்தது. நான் பேச வந்தது அதனைப் பற்றித்தான்.

அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த 2011ஆம் ஆண்டில் எங்களுக்கு மகள் பிறந்தாள். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முறைமாற்று வேலை பார்ப்பவர். எனக்கோ கல்லூரி. ஆகவே என் மாமியார் நாசரேத்துப் பக்கத்து ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார்கள். எனக்கு அவர்கள் அத்தை, குழந்தைக்கு ஆச்சி. இந்த உரையிலும் ஆச்சி என்றே சொல்கிறேன்.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் தாங்கள் அறிந்ததே. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இருபாற் குழந்தைகளுக்கும் பொது. இறுதி மூன்றும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறுபடும். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள்வரை ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவம் என்று பாட்டியல் நூல்கள் கணக்கிடும். கல்லூரியில் பதினைந்து ஆண்டுகள் இதனை நடத்தியும் ஓர் உண்மை எனக்கு உறைக்கவில்லை. குழந்தை வந்த பிறகே உறைத்தது. பிள்ளைத்தமிழில் கேட்பவர் பெரியவர். கொடுக்க வேண்டியவர் குழந்தை. முத்தம் தா, வா, கை கொட்டு, ஆடு என்று செய்யுள்தோறும் பெரியவர்தாம் இரந்து நிற்கிறார். குழந்தை மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நம் இல்லங்களில் இரவு நேரக் குடும்ப செபத்திலோ முறை தலைகீழ். அங்கே பெரியவர்கள் இறைவனிடம் கேட்கிறார்கள். குழந்தையையும் கேட்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். 'கண்ணை மூடு, கையைக் கூப்பு, சொல்லு' என்கின்றோம். ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் எட்டு மணிக்குப் பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், ஒரு செபம். ஆச்சியின் செபம் நெடியது. ஊரிலுள்ள உறவினர், பட்டறை, மழை, என் கல்லூரித் தேர்வுத்தாள், பக்கத்து வீட்டு அம்மையாரின் முழங்கால் வலி என்று அது வரிசையாகச் செல்லும். என் மகள் செபத்தில் முதலில் தேர்ந்த சொல் 'ஆமென்'. ஆமென் சொன்னால் சோறு வரும் என்பதை அவள் கண்டுகொண்டாள். ஆகவே ஆச்சி முழங்கால் வலிக்கு வரும்போதே உரத்த குரலில் 'ஆமீ' என்பாள். ஆச்சி ஒரு கணம் நிறுத்தி, 'ஆமென்' என்று முடித்துவிட்டு எழுந்து விடுவார்கள். 'மிச்சத்தை அவருக்குத் தெரியும்லா' என்பது அவர்களுடைய விளக்கம். பதினோராம் மாதத்தில் குழந்தை வேதாகமத்தில் ஒரு தாளைக் கிழித்து வாயில் இட்டுக்கொண்டபோது நான் பதறினேன். ஆச்சி வாயிலிருந்து தாளை எடுத்துவிட்டு, 'எசேக்கியேலும் புஸ்தகத்தைத் தின்னாருல்லா' என்றார்கள். எனக்கு அந்தப் பகுதி அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

காப்புப் பருவத்திற்கு வருவோம். திருமால் முதலாகப் பல தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்க வேண்டுவது மரபு. ஒரே கடவுளைத் தொழுகின்ற கிறித்தவப் புலவர்க்கும் இசுலாமியப் புலவர்க்கும் இது சிக்கல். இரு சமயத்தாரும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். தத்தம் வழியில் இச்சிக்கலைக் கடந்திருக்கிறார்கள். வீட்டிலோ இச்சிக்கல் வேறு வடிவில் வரும். பிறந்த குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கலாமா? கையில் வசம்பு வளையல் பூட்டலாமா? மைப்பொட்டு கண்ணேற்றின் பாற்பட்டது, ஆகாது என்பார் சிலர். வேளாங்கண்ணி சென்று மொட்டையடித்துக் காது குத்துகின்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் இத்துணைத் தயக்கம் இல்லை. எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபையாரிடமே மிகுதி. ஆச்சி வாதாடவில்லை. குழந்தையின் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்து செபித்தார்கள். மூன்று நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு இருந்தது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கொள்கையைவிட அச்சம் பழையது.

அம்புலிப் பருவமும் சச்சரவில்லாமல் கழியவில்லை. மொட்டைமாடியில் நிலாவைக் காட்டிச் சோறூட்டுகையில், உறவினர் ஒருவர், நிலாவை விளித்துப் பாடுவது நமக்கு உரியதன்று என்றார். சாம பேத தான தண்டம் என்னும் நான்கு வழிகளிலும் நிலாவை அழைத்துப் பாடிய புலவர்களை நான் நினைத்துக்கொண்டேன். ஆச்சி வேறு வழி கண்டார்கள். அது ஏசப்பா ஏற்றிவைத்த விளக்கு என்று சொல்லி அடுத்த கவளத்தை ஊட்டினார்கள். மறுநாள் மின்தடை. குழந்தை மேலே பார்த்து, 'ஏசப்பா, லைட்டு' என்று ஆணையிட்டாள்.

இந்தச் சொல்லைத்தான் தங்கள் முன் வைக்க வந்தேன். தமிழ்க் கிறித்தவ உலகில் கடவுளுக்கு எப்பெயர் இடுவது என்பது சிறிய வழக்கன்று. 1714-15இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழங்கிவந்த 'சர்வேசுரன்' என்னும் சொல்லையே ஆண்டார். அதே நூற்றாண்டில் வேப்பேரியிலிருந்து உழைத்த பெப்ரிசியுசு 'பராபரன்' என்றார். 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் இரு சபையாரும் இணைந்து கொணர்ந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கின்றது. இடையில் இரேனியுசு புதிய மொழிபெயர்ப்பில் இறங்கியபோது, பெப்ரிசியுசின் தமிழ் மாறலாகாது என்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுத்தாலேயே போராடினார். சொல்லை மாற்றினால் வழிபாடே மாறிவிடும் என்று அவர் கருதினார். அவர் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகள், நான்கு பெயர்கள், அறிஞர் பெருமக்களின் நெடிய வாதங்கள்.

இந்த நால்வகைப் பெயரில் எதனையும் ஒன்றரை வயதுக் குழந்தை சொல்வதில்லை. அதன் வாயில் வருவது ஏசப்பா. இதனை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. எந்த அகராதியாசிரியரும் ஆக்கித் தரவில்லை. இயேசு என்னும் பெயரின் முன்னெழுத்தைத் தமிழ் நாவுக்கு ஏற்ப நெகிழ்த்து, பின்னால் ஓர் உறவுப்பெயரைச் சேர்த்து, தாய்மாரும் பாட்டிமாரும் தொட்டிலருகே ஆக்கிய சொல் இது. பெரியப்பா, சித்தப்பா என்னும் வரிசையில் ஏசப்பா. வேதாகமத் தமிழ் அவரைப் பிதாவின் குமாரன் என்கின்றது. வீட்டுத்தமிழ் அவரையே அப்பாவாக்கிவிட்டது. இறையியல் வல்லார் இதில் பிழை காணலாம். உறவுமுறை சொல்லாமல் யாரையும் விளிக்கத் தெரியாத மொழியின் இயல்பு இது என்பேன் நான். கத்தோலிக்க இல்லங்களில் ஏசுசாமி என்பதும் உண்டு; அதுவும் வீட்டுச் சொல்லே.

மற்றொன்று. ஸ்தோத்திரம் என்பது எங்கள் சபைகளில் வணக்கச்சொல். வாயிலில் யார் வந்தாலும் என் மகள் ஓடிச்சென்று 'தோத்தம்' என்பாள். மொழிமுதலில் தனிமெய் வாராது என்பது தொல்காப்பியம் முதல் நன்னூல்வரை சொல்லும் விதி. நாங்கள் நாள்தோறும் மீறுகின்ற அவ்விதியை, பால்பல் நான்கு முளைத்த குழந்தை மீறவில்லை. மாணவர்க்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்லியிருக்கிறேன். நன்னூலைவிட இது நன்றாக நினைவில் நிற்கிறதாம்.

நற்செய்தி நூல்களில் இயேசுவின் தளர்நடைப் பருவத்தைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. லூக்கா பிறப்பைச் சொல்லி, கோவிலில் காணிக்கையாக்கியதைச் சொல்லி, பின்னர்ப் பன்னிரண்டு வயதுக்குத் தாவிவிடுகிறார். மத்தேயுவில் இரண்டு வயது என்னும் அளவு வருகிறது; ஆனால் அது ஏரோது அரசனின் கொலையாணையில் வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஆணை அது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்கள். அந்த எகிப்து நாட்களில் அது எப்போது நடந்தது, முதலில் என்ன சொல்லிற்று, சோறு உண்ண அடம்பிடித்ததா என்பதெல்லாம் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்த இடத்தில்தான் தமிழ் நுழைந்தது. யோசேப்பைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் எகிப்து வாழ்வை விரித்தார். நம் காலத்தில், திருச்சி மிகுமின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அருள் செல்லத்துரை 'இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்' பாடி 1985இல் வெளியிட்டார். பவுலா ரிச்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1997இல் பிள்ளைத்தமிழ் பற்றி எழுதிய ஆங்கில நூலில், மதுரை மீனாட்சிக்கும் நபிகள் நாயகத்துக்கும் பாடப்பெற்ற பிள்ளைத்தமிழ்களோடு இந்நூலையும் வைத்து ஆராய்ந்தார். நம் கல்லூரிப் பாடத்திட்டங்களில் இந்நூல் பரவலாக இடம்பெற்றதாக நான் கண்டதில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. சொல்லாமல் விட்டால் இவ்வுரைக்கு நேர்மை இராது.

மகளுக்கு இரண்டரை வயதானபோது ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். பள்ளியின் பெயர் வேண்டா. வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இல்லையேல் குழந்தை பின்தங்கிவிடும் என்றார்கள். தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான் தலையாட்டிவிட்டு வந்தேன். 'வா' என்பது 'கம்' ஆயிற்று. 'உட்கார்' என்பது 'சிட்' ஆயிற்று. இரவுச் செபமும் மாறிற்று. பள்ளியில் கற்றுக்கொடுத்த நான்கு வரி ஆங்கிலச் செபத்தைக் குழந்தை ஒப்பிக்கும், நாங்கள் கைதட்டுவோம். விருந்தினர் வந்தால் அவர்கள் முன்னும் ஒப்பிக்கச் செய்வோம். இப்படியே மூன்று நான்கு திங்கள் கழிந்தன. ஆச்சி செபத்தின்போது சுவரோரம் அமர்ந்திருப்பார்கள். பின்னர்த் தம் அறைக்குச் சென்று தனியே செபிப்பார்கள். நான் அதனைக் கவனித்தும் கவனியாதவள் போல இருந்தேன்.

ஒருநாள் மாலை ஆச்சி குழந்தையைக் கைநீட்டி அழைத்தபோது, குழந்தை விரலை ஆட்டி 'நோ தமிழ்' என்றாள். அவ்வாரத்தில் நான் இரண்டாமாண்டு மாணவியர்க்கு மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் நடத்திக்கொண்டிருந்தேன். குழந்தையிடம் பெரியவர் கையேந்தி நிற்கும் அழகை வகுப்பில் விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவள், கையேந்தி நின்ற ஒருவரைக் கண்முன் கண்டேன். குழந்தை கொடுக்க மறுத்தாள். மறுக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

இரவில் மன்னிப்புக் கேட்கலாம் என்று அறைக்குச் சென்றேன். ஆச்சியிடம் சினம் இல்லை. 'அது நல்லாத்தான் செபம் சொல்லுது எம்மா. எனக்குத்தான் எந்த எடத்துல ஆமென் சொல்லணும்னு தெரியமாட்டேங்கு' என்றார்கள்.

வேறொன்றும் அவர்கள் சொல்லவில்லை. மறுநாள் முதல் வீட்டில் தமிழுக்குத் திரும்பினோம். பள்ளியில் இரண்டுமுறை குறிப்பு எழுதி அனுப்பினார்கள். ஆங்கிலம் பள்ளியில் வரட்டும், வந்தது. அதனால் பின்தங்கல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் எல்லாம் பழையபடி திரும்பிவிடவில்லை. 'தோத்தம்' திரும்பவில்லை, வந்தது திருத்தமான 'ஸ்தோத்திரம்'. நிலாவிடமும் பேச்சில்லை. மழலைக்குக் காலம் குறுகியது. இருபத்தொரு திங்கள் என்று பாட்டியலார் அளந்து வைத்தது வெறும் கணக்கன்று போலும். நான் அதில் சில திங்களை வீணாக்கினேன்.

ஆச்சி 2018இல் மறைந்தார்கள். தூளியை ஆட்டியபடி அவர்கள் பாடிய தாலாட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீரெல்லாம் வந்து, கடைசியில் பெத்தலகேம் மாட்டுக்கொட்டிலும் வரும். மாமன் சீரும் பெத்தலகேமும் எவ்வாறு ஒட்டின என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கள ஆய்வுக்காக எங்கெங்கோ சென்றவள், அடுத்த அறைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லவில்லை. இன்று எனக்கு அதன் மெட்டும் நான்கைந்து சொற்களுமே எஞ்சியுள்ளன.

மகளுக்கு இப்போது பதின்பருவம். வேதாகமம் ஆங்கிலத்தில் படிக்கிறாள்; தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, ஓரளவு சரளமாகவே படிக்கிறாள். மனத்துக்குள் எந்த மொழியில் செபிக்கிறாய் என்று அண்மையில் கேட்டேன். 'கவனிச்சதில்லம்மா. பரீட்சைக்குன்னா இங்கிலீஷ். பயந்துட்டா ஏசப்பான்னுதான் வருது' என்றாள்.

அவையோர்க்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமைகின்றேன். இவ்வட்டம் பத்தாண்டில் எத்தனையோ கூட்டங்களை நடத்தியிருக்கிறது. அடுத்த ஆண்டில், வில்லிவாக்கம் முதல் ஆவடிவரையிலும், பூந்தமல்லிப் பக்கத்திலும், எச்சமயத்து வீடாயினும், எழுபது வயது கடந்த பாட்டிமார்களிடம் சென்று, தாலாட்டு, சோறூட்டும் பாட்டு, குழந்தையோடு பேசும் சொற்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் பணியை மேற்கொள்ள வேண்டும். பெரிய செலவு இல்லை, கைப்பேசியே போதும். மழைக்காலத்திற்கு முன் தொடங்கினால் நன்று. கொரட்டூர்ப் பக்கம் மழைக்காலத்தில் தெருக்களில் நடக்க இயலாது என்பதைத் தாங்களே அறிவீர்கள். என் மாணவியர் எண்மர் வருவதாக இசைந்துள்ளனர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்கள் எனக்கு ஒழிவு உண்டு. முற்பகல் ஆராதனை இருக்கிறது.